நூறு எம்எம் ரிம்மும் நாற்பத்தாறு கிலோ மருமகளும்

சக்கரத்தம்மாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் அது பத்திரமாகத் தூங்குகிறது. கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் சக்கரத்தம்மா, வீட்டுக்காரருக்கு 'இந்தா', மருமகளுக்கு அத்தை. யார் எப்படிக் கூப்பிட்டாலும் அவள் பதில் ஒன்றுதான்: "என்ன இப்ப?"

அவள் வாழ்க்கைப்பட்டது ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு. நல்ல மனிதர். பேச்சிலேயே பழைய சைக்கிளைப் புதுசாக்கி விற்றுவிடுவார். பொறுமைதான் கிடையாது. சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுப்பது பொறுமைக்காரர் வேலை. சக்கரத்தைத் தாங்கியில் மாட்டி, மெல்லச் சுற்றிவிட்டு, எந்த இடத்தில் ரிம் இடது பக்கம் சாய்கிறது, எந்த இடத்தில் வலது பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அந்தந்த ஸ்போக் கம்பியைக் கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். கால் திருகு போதும் என்கிற இடத்தில் அவர் முழுத் திருகு திருகுவார். சக்கரம் அப்பளமாகும். பிறகு சக்கரத்தைத் திட்டுவார்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனவள், அவர் திட்டிவிட்டுப் போட்டிருந்த சக்கரத்தை எடுத்துத் தாங்கியில் மாட்டினாள். பால் பொங்கி அடுப்பு நாசமானது. சக்கரம் நேராகிவிட்டது. அன்றிலிருந்து முன்கடை அவருக்கு, பின்னறை அவளுக்கு. அடுப்பும் அவளுக்குத்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சக்கரத்தைக் கட்டினாலும், தானே அந்தச் சைக்கிளில் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் ஆளிடம் கொடுக்க மாட்டாள். கடைக்குப் பின்னால் ஏரிக்கரை வரைக்கும் மணல். அதில் போய்த் திரும்பி வருவாள். ஆள் நல்ல கனம். "நான் உட்கார்ந்து தாங்குன சக்கரம் யானை உட்கார்ந்தாலும் தாங்கும்" என்பாள். கடைக்காரர், யானைக்கும் உனக்கும் நடுவில் ஆள் இருந்தால் சொல்லு என்பார். அதற்கு அவருக்குக் கிடைக்கிற மரியாதையை இங்கே எழுத முடியாது. இந்த வழக்கத்தில் ஓட்டை இருக்கிறதென்று அவள் அத்தனை வருஷத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை. மருமகள் விஷயத்தில்தான் அது தெரிந்தது.

மருமகளுக்குக் காட்டுப் பாதையில் வேலை. ஊருக்கு வெளியே மலைச்சரிவில் நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் போய்வருகிற பாதைகள் உண்டு. மரம் விழுந்து கிடக்கிறதா, மழையில் எங்காவது சரிந்திருக்கிறதா, யாராவது காலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று தினமும் சுற்றிப் பார்த்து வர வேண்டும். அதற்குக் கொடுத்திருப்பது குண்டு டயர் சைக்கிள். டயர் ஒன்று தலையணை மொத்தம் இருக்கும். காற்றைக் குறைவாக வைத்தால் வேர், கல், சேறு எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு போகும். மருமகளோ ஈர்க்குச்சி. நாற்பத்தாறு கிலோவுக்கு மேல் ஏறியதே இல்லை. அந்தச் சைக்கிளில் அவள் போவதைப் பார்த்தால் எருமை மேல் காக்கை உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அந்த வேலை அவளுக்கு உயிர். வீட்டில் இருக்கும்போது நாலு வார்த்தை பேசாதவள், பாதையில் பார்த்த மரத்தைப் பற்றிக் கேட்டால் நாற்பது வார்த்தை பேசுவாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவன் இல்லாத நாள்களில் மாமியாரும் மருமகளும் சமையலறையில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் குடித்தனம் நடத்தினார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்தப் பாதைப் பேச்சுத்தான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மருமகள் விழுந்தாள். அலுவலகம் கொடுத்த சைக்கிளில் ரிம் குறுகல், ஐம்பது எம்எம்தான். குண்டு டயருக்கு அது கைக்குழந்தை இடுப்பில் பெரிய ஆளை உட்கார வைத்த கதை. காற்றைக் குறைத்து ஒரு வளைவில் சாய்ந்தபோது டயர் ஒருபக்கமாக மடிந்து, ரிம்மை விட்டே கழன்றுவிட்டது. அவள் கையை ஊன்றினாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் பிரித்த பிறகும் அலுவலகத்தில் அவளைப் பாதைக்கு விடவில்லை. நுழைவுச்சீட்டு கொடுக்கிற அறையில் உட்கார வைத்தார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மா ஒருத்தி, கறாரான ஆள். பாதையிலேயே கஷ்டமான கல் சரிவில் நான் பின்னாலேயே வருவேன், இறங்காமல் ஓட்டிக் காட்டினால் பாதைக்குப் போகலாம், இல்லாவிட்டால் சீட்டு அறையிலேயே நிரந்தரம் என்று சொல்லிவிட்டாள். சைக்கிளுக்கு வேறு சக்கரம் வேண்டுமானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள்.

வீட்டில் சக்கரத்தம்மா இருக்கும்போது வேறு யார் பார்ப்பது?

சூடு கண்ட பூனை அடுப்படிப் பக்கம் போகாது. குறுகல் ரிம்தானே தள்ளிவிட்டது? அவள் கிடைப்பதிலேயே அகலமான ரிம்மை வாங்கி வரச் சொன்னாள். நூறு எம்எம். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இதென்ன ரிம்மா, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியா என்றார். டயரை மாட்டியபோது அது இரண்டு பக்கமும் பிதுங்கிப் பின் ஃபோர்க்கைத் தொடப் போனது. ஒரு விரல் இடைவெளி விட்டு எப்படியோ உட்கார வைத்தாள். ஸ்போக் கம்பி குத்தி விரல்களெல்லாம் பிளாஸ்திரி. தன் கனத்துக்குக் காற்று அடித்து மணலில் ஓட்டிப் பார்த்தாள். படகு மாதிரி மிதந்து போனது. திரும்பி வந்து இறங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடைக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார்.

மருமகள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அத்தை" என்றாள்.

இந்த 'நல்லா இருக்கு' எவ்வளவு ஆபத்தான வார்த்தை என்று சமைத்துப் போடுகிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். உப்பு இல்லாத சாப்பாட்டுக்கும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அன்றைக்குச் சக்கரத்தம்மாவின் காது பெருமையில் அடைத்திருந்தது.

அதற்குப் பிறகு மருமகள் தினமும் வேலை முடிந்ததும் பாதையில் ஓட்டிப் பழகிவிட்டு வந்தாள். வந்ததும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமலே பாத்திரம் தேய்க்க நின்றாள். பேச்சு குறைந்தது. மரத்தைப் பற்றிக் கேட்டால், "இருக்கு அத்தை, நிக்குது" என்று முடித்துக்கொண்டாள். மகன் வந்த அன்று அவனிடம் சக்கரத்தம்மா கேட்டாள், என்னடா ஆச்சு உன் பெண்டாட்டிக்கு என்று. அவன் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிப் பழகியவன். எனக்கு ஒன்றும் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு லாரியைக் கழுவப் போய்விட்டான். ஏற்கனவே கழுவின லாரி.

சக்கரத்தம்மாவால் இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் சாயங்காலம் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டுக் கல் சரிவு வரைக்கும் நடந்து போனாள். கீழே மண்வெட்டி, கடப்பாரை வைக்கிற தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதன் ஓரமாக நின்று பார்த்தாள்.

மருமகள் மேலிருந்து வந்தாள். நேர்ப்பாதையில் சரியாகத்தான் வந்தாள். முதல் வளைவு வந்தது. பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளைவைக் கடந்து, மறுபடி ஏறினாள். அடுத்த வளைவிலும் இறங்கினாள். அதற்கடுத்ததிலும்.

சக்கரத்தம்மா அதற்குமேல் நிற்காமல் திரும்பி நடந்தாள். பெண்ணுக்குப் பயம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினாள். விழுந்து எழுந்தவர்களுக்கு வருகிற பயம். அதை அவள் பார்த்திருக்கிறாள். அவளுடைய சொந்தத் தம்பியே கிணற்றில் ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டு அதன்பிறகு வாளித் தண்ணீரைக்கூட எட்டி நின்றே மொண்டவன். ரிம் கோணினால் நிமிர்த்தலாம். மனசு கோணினால் எந்தக் கம்பியைத் திருகுவது? இவள் இனி ஆயுசுக்கும் அந்தச் சீட்டு அறையில்தான். அந்தப் பாதைப் பேச்சு இனி அவள் வாயில் வராது. நினைக்க நினைக்க நடை தளர்ந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பயம் கோபமாகிவிட்டது. அவளுக்கு எல்லாம் கடைசியில் கோபமாகத்தான் ஆகும்.

மருமகள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். வளைவுக்கு வளைவு இறங்கித் தள்ளுகிறவளுக்கு எதற்குச் சைக்கிள், தள்ளுவண்டி வாங்கிக் கொடுத்திருப்பேனே என்றாள். பயமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன் என்றாள். முன்கடையிலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு என்று தலையை இழுத்துக்கொண்டார்.

மருமகள் எல்லாவற்றையும் நின்று கேட்டாள். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டு வீங்கிப் புடைத்திருந்தது.

"பயமில்லை அத்தை. சக்கரம்தான் எனக்கு ஒத்து வரலை."

"என்னது?"

"நீங்க அடிச்சுக் கொடுத்த காத்தோட போனா ஒவ்வொரு கல்லுக்கும் பந்து மாதிரி எகிறுது. கையெல்லாம் அதிருது. சரின்னு காத்தை இறக்கினா, வளைவுல ஹேண்டில் என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது. நான் சாஞ்சா அது சாயாது, முரண்டு பிடிக்கும். அப்புறம் திடீர்னு தானா உள்ளே இழுக்கும். அதை இழுத்துப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் கை இப்படி ஆயிடுச்சு."

"நான் ஓட்டும்போது நல்லாத்தானே போச்சு?"

"உங்களுக்கு நல்லாத்தான் போகும். நீங்க உங்களுக்குச் செஞ்சிருக்கீங்க அத்தை. எனக்குச் செய்யலை."

முன்கடையில் பம்பு அடிக்கிற சத்தம்கூட நின்றுபோனது. கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். இந்த வீட்டில் சக்கரத்தம்மாவின் சக்கரத்தைக் குறை சொன்னவர்கள் அதுவரை கிடையாது.

சக்கரத்தம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ உனக்குப் பயம் இல்லையா?"

"இல்லை."

"நிஜமா?"

"பயமா இருந்தா தினம் எதுக்குப் போறேன்?"

"முதல் நாளே சொல்றதுக்கென்ன கேடு?"

"விரலெல்லாம் பிளாஸ்திரியோட கொண்டுவந்து நிறுத்தினீங்க. வாய் வரலை."

வேறு யாராவது என்றால் அந்த நேரத்தில் முகம் சுண்டிப்போயிருக்கும். சக்கரத்தம்மாவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. தப்பு பெண்ணிடம் இல்லை, ரிம்மில்தான். ரிம் என்றால் மாற்றிவிடலாம். வழியெல்லாம் மூட்டையாகச் சுமந்துகொண்டு வந்ததை அங்கேயே இறக்கி வைத்துவிட்டாள். "கூறு கெட்டவளே, இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா" என்று திட்டினாள்தான், ஆனால் அந்தத் திட்டில் காரம் இல்லை என்பது மருமகளுக்கும் தெரிந்தது.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. இந்தத் தடவை மணலில் ஓட்டிப் பார்க்கிற பேச்சே இல்லை. சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் கரைத்து முன் டயரில் பூசினாள். தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பைப் போட்டாள். சைக்கிளை அதன்மேல் நிறுத்தி, மருமகளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். பாதையில் அவள் வைக்கிற அளவுக்குக் காற்று. பிறகு இறங்கச் சொல்லிச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தால், விரிப்பில் டயர் அமுங்கிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. நூறு எம்எம் ரிம்மில் அது செங்கல் மாதிரி இருந்தது. நாலு மூலையும் கறாராக. சைக்கிளைச் சாய்த்து உட்கார வைத்தபோதும் செங்கல் செங்கல்தான், ஒரு ஓரம் மட்டும் தரையை விட மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. செங்கலை வைத்துக்கொண்டு வளைவில் எப்படித் திரும்புவது? உட்கார்கிற ஆள் கனமாக இருந்து, காற்றும் கெட்டியாக இருந்தால் நடுப்பகுதிதான் தரையில் படும், அதனால்தான் தனக்குத் தெரியவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பீச் மணலுக்கும் சேத்துக்கும் வேணா அகலம் சரி. கல்லுக்கும் வளைவுக்கும் ஆகாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மொத்த வியாபாரக் கடையிலிருந்து எண்பதிலும் அறுபத்தைந்திலும் ரிம் வந்தது. எண்பதைக் கட்டிப் பார்த்தாள். மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். கடைக்காரர் அதுவே போதும், ஐம்பதுக்கும் நூறுக்கும் நடுவில் வருகிறது, எல்லாவற்றிலும் நடுவில் போனால் வம்பில்லை என்றார். நடுவில் போகிறேன் என்றுதான் கல்யாண வீட்டில் இரண்டு வீட்டார் சண்டைக்கு நடுவில் போய் உதை வாங்கினீர்கள் என்று அவள் ஞாபகப்படுத்தினாள்.

அறுபத்தைந்தைக் கட்டியதும் விரிப்பில் முட்டை மாதிரி விழுந்தது. சாய்த்தால் முட்டையும் வழுக்கிக்கொண்டு கூடவே சாய்ந்தது. சக்கரத்தம்மா நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். மருமகளுடைய முகம் சரியில்லை.

"இது பழைய ரிம்முக்குப் பக்கத்துல வருதே அத்தை" என்றாள் மெதுவாக. "மறுபடி மடிஞ்சு கழண்டுட்டா?"

அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை சக்கரத்தம்மா. சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டு, காற்றை இன்னும் இறக்கினாள், யாரும் ஓட்டாத அளவுக்கு. பிறகு ரிம்மின் மேல் இரண்டு முட்டியையும் வைத்து ஏறி, டயரின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் முழுக் கனத்தையும் போட்டுப் பக்கவாட்டில் தள்ளினாள். முகம் சிவந்து போனது. டயர் நெளிந்தது, முனகியது, ரிம்மை விட்டு வரவில்லை. பக்கத்தில் பழைய ஐம்பதையும் போட்டு அதே மாதிரி தள்ளினாள். அது இரண்டாவது தள்ளலிலேயே பொத்தென்று கழன்றுவிட்டது.

"இப்ப நீ தள்ளு" என்றாள்.

மருமகள் ஏறி நின்று, குதித்து, தொங்கிக்கூடப் பார்த்தாள். டயர் அசையவில்லை. அவளே சிரித்துவிட்டாள். வீங்கின கையோடு தொங்காதேடி என்று ஒரு அதட்டல் வந்ததும் இறங்கினாள்.

பின் சக்கரத்தையும் அதே ரிம்மில் கட்டினாள். ஓட்டிப் பார்த்தது மருமகள்தான். காற்றை எவ்வளவு வைப்பது என்றும் அவளே பார்த்துக்கொண்டாள். சக்கரத்தம்மாவுக்கு ஏறி ஒரு சுற்று வரக் கை அரித்தது. ஆனாலும் ஏறாமலே கொடுத்தனுப்பினாள். கை வீக்கம் வடியும் வரைக்கும் பழக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னாள். வீக்கம் வடிந்தது, பேச்சு வளர்ந்தது. கடைசி வளைவில் ஒரு வேர் இருக்கிறதாம், பாம்பு மாதிரி குறுக்கே கிடக்கிறதாம், அது இப்போது வழியே விடுகிறதாம். சமையலறையில் நின்றுகொண்டு இதைக் கேட்டுக் கேட்டுச் சக்கரத்தம்மாவுக்குக் காது புளித்தது. புளிக்கட்டும் என்று விட்டாள்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாளில் நீங்கள் வர வேண்டாம் அத்தை என்று மருமகள் சொல்லியிருந்தாள். அதனால் சக்கரத்தம்மா அவளுக்கு முன்னாலேயே போய்ச் சீட்டு அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். சீட்டு கொடுக்கிறவர் எத்தனை பேர் என்று கேட்டார். நான் எங்கேயும் போகவில்லை, காத்து வாங்க வந்தேன் என்றாள். காற்று வாங்குகிறவள் மாதிரியா உட்கார்ந்திருந்தாள்? முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தாள்.

மருமகளும் மேற்பார்வையம்மாவும் மேலே போய் வெகுநேரமாகிவிட்டது. மரங்களுக்குள் எதுவும் தெரியவில்லை. ஒரு கிழவர் கைத்தடியோடு இறங்கி வந்தார். ஒரு தம்பதி சண்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்கள். ஒரு நாய் வந்தது. சக்கரத்தம்மா அந்த நாயைக்கூட, மேலே யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று கேட்கிற மாதிரிப் பார்த்தாள்.

சத்தம்தான் முதலில் வந்தது. சரிவு முடிகிற இடத்து மரப்பாலத்தின் பலகைமேல் குண்டு டயர் ஓடுகிறபோது திமுதிமுவென்று ஒரு சத்தம் வரும். தள்ளிக்கொண்டு வந்தால் செருப்புச் சத்தமும் சேர்ந்து வரும். செருப்புச் சத்தம் இல்லை. மருமகள் ஓட்டிக்கொண்டுதான் வந்தாள். சேறு காது வரைக்கும் அப்பியிருந்தது. பின்னால் மேற்பார்வையம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். தண்ணீர் குடித்தாள். சக்கரத்தம்மாவுக்கு அவள் தொண்டையில் இறங்குகிற தண்ணீரைப் பிடித்து நிறுத்தலாம் போலிருந்தது.

"எங்கேயும் இறங்கலை. நான்தான் ரெண்டு இடத்துல இறங்கினேன்" என்றாள் மேற்பார்வையம்மா. "திங்கக்கிழமையிலேர்ந்து பாதைக்கே வந்துடுங்க."

சக்கரத்தம்மா கயிறாகியிருந்த முந்தானையைப் பிரித்து உதறிக்கொண்டாள். மேற்பார்வையம்மா சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, மற்ற ஆள்களுக்கும் இதே ரிம்மில் கட்டித் தர முடியுமா என்று கேட்டாள்.

"முதல்ல ஆளைக் கடைக்கு அனுப்புங்க. உட்கார வெச்சுப் பார்த்துட்டுத்தான் ரிம்மைச் சொல்வேன்."

அந்தம்மா உள்ளே போனதும் மருமகள் சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றாள். வர வேண்டாம் என்று சொன்னேனே என்று கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள், பல்லில்கூடச் சேறு.

"கையைக் காட்டு" என்றாள் சக்கரத்தம்மா.

மருமகள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். சக்கரத்தம்மா மணிக்கட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அமுக்கிப் பார்த்தாள். வீக்கம் இல்லை.

"வலிக்குதா?"

"இல்லை அத்தை."

"அப்போ சரி, நட வீட்டுக்கு. கூடை நிறைய வெங்காயம் கெடக்கு, உரிக்கணும்."